பொறுமை எண்

நேர்காணலில் நிரோஷாவிடம் மின்னியலில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பதினோரு நாள் விழுந்து விழுந்து படித்துவிட்டுப் போயிருந்தாள். போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரும் அவளுடைய தெருவைப் பற்றியே குடைந்தார்கள். எத்தனை வருஷமாக அங்கே குடியிருக்கிறீர்கள்? தெருவில் எல்லாருக்கும் உங்களைத் தெரியுமா? நீங்கள் சொன்னால் கேட்பார்களா? பெண் பார்க்க வருகிறவன்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டான் என்று நினைத்துக்கொண்டே பதில் சொன்னாள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ரேங்க் வாங்கிய சான்றிதழை உறையிலிருந்து வெளியே எடுக்கவே வாய்ப்பு வரவில்லை.

ஒரே வாரத்தில் கடிதம் வந்துவிட்டது. மின்னாற்றல் அமைப்புகளில் முனைவர் பட்ட ஆய்வு. நான்கு ஆண்டு, முழு உதவித்தொகை. கொடுப்பது மாநிலம் முழுவதற்கும் மின்சாரம் பங்கிடும் பகிர்மானக் கம்பெனி. மொத்தம் நாற்பது இடம். அதில் ஒன்று அவளுக்கு.

கரிமேட்டு நகர் மூன்றாவது தெரு, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குட்டைக்கும் ரயில் பாதைக்கும் நடுவில் இருக்கிறது. வெள்ளைத் துணியைக் காயப்போட்டால் சாயம் போட்டது மாதிரி திரும்பி வரும். நகரத்துக்கெல்லாம் வெளிச்சம் கொண்டுபோகிற கம்பி அந்தத் தெருவின் தலைக்கு மேலேதான் உறுமிக்கொண்டு போகிறது. அங்கிருந்து என்ஜினியரிங் முடித்த முதல் ஆள் நிரோஷா. கடிதம் வந்த மறுநாளே தெருமுனையில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. 'வருங்கால டாக்டர் நிரோஷா அவர்களை வாழ்த்தி வணங்கும் மூன்றாவது தெரு மக்கள்.' அச்சடித்த கடைக்காரன் டாக்டர் என்றதும் அவள் கழுத்தில் ஒரு ஸ்டெதஸ்கோப்பையும் மாட்டிவிட்டிருந்தான்.

"அது வேற டாக்டர்ணே," என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டும் வுடு. ஊசி போடறவனுக்கு மட்டுந்தான் மாட்டணும்னு சட்டமா?" என்றான் அண்ணன் மோசஸ். பேசி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கியது அவனுக்கு.

அம்மா அப்பா இல்லை. ஒன்பது வருஷம் சாம்பல் லாரியில் மண்வெட்டி பிடித்து இவளைப் படிக்கவைத்தவன் மோசஸ். அந்தச் சாம்பல் அவன் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. முப்பத்து நான்கு வயதில், ஆக்சிஜன் மெஷினிலிருந்து வரும் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தான். கரண்ட் போனால் மெஷினை பேட்டரி தாங்கும். மூன்று மணி நேரம்.

முதல் நாள் கம்பெனியின் ஆய்வு மையத்தில் அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் கனகசபாபதி, பெரிய திரையில் மாநில வரைபடத்தைக் காட்டினார். வரைபடம் முழுக்கப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு டிரான்ஸ்பார்மர். ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஓர் எண்.

"வெயில் நாற்பத்தாறைத் தொட ஆரம்பிச்சு இது நாலாவது கோடை. தேவையில ஆறுல ஒரு பங்கு மின்சாரம் நம்மகிட்ட இல்லை. யாருக்காவது வெட்டித்தான் ஆகணும். முன்னெல்லாம் யாருக்கு வெட்டறதுன்னு மந்திரி வீட்டு போன் முடிவு பண்ணும். இப்போ சமன் முடிவு பண்ணுது."

சமன் என்பது மென்பொருள். அதன் மூளை மிக எளிமையானது என்றார்.

"கரண்ட் போனா ஒரு தெரு எவ்வளவு நேரம் சத்தம் போடாம இருக்கும்? அதுதாம்மா பொறுமை எண். நூத்துக்கு எத்தனைன்னு போடுவோம். புகார் வந்தா எண் குறையும், வெட்டும் குறையும். புகார் வரலைன்னா அந்தத் தெரு தாங்குதுன்னு அர்த்தம். எண் ஏற ஏற, அங்கே வெட்டைக் கால் கால் மணி நேரமா கூட்டிப் பார்க்கும்."

"தாங்குதுங்கறதும் வாயைத் திறக்கலைங்கறதும் ஒண்ணா சார்?"

கனகசபாபதி சிரித்தார். "அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கத்தானே உனக்கு உதவித்தொகை."

பதில் பிடித்திருந்தது அவளுக்கு. நம்மைப் போல ஓர் ஆள் உள்ளே இருந்தால்தான் இந்த எண் ஒழுங்காகும் என்று நம்பினாள். அந்த நம்பிக்கையில் நாலு மாதம் போயிற்று.

தினமும் மதியம் ஒரு மணிக்கு மூன்றாவது தெருவில் கரண்ட் போகும். ஒன்று ஐந்துக்குள் அவள் போன் அடிக்கும்.

"நிரோ, எப்ப வரும்?" இது அல்போன்சா அக்கா. எதிர்வீடு. மீன் மார்க்கெட்டில் ஐஸ் உடைக்கிற சேவியரின் மனைவி.

நிரோஷா திரையைப் பார்த்துச் சொல்வாள். "ரெண்டேகாலுக்கு வந்துடும்க்கா."

"பாத்தியா, கம்பெனிக்காரனுக்கே தெரியாது, எங்க பொண்ணு நிமிஷம் தப்பாம சொல்லுது," என்று அக்கா அங்கே யாரிடமோ பீற்றுவது கேட்கும். நிரோஷாவுக்கும் கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன். ரெண்டேகால், ரெண்டரை, மூன்று என்று அவள் சொல்லும் நேரம் தள்ளிக்கொண்டே போனதை அவளும் சாதாரணமாகத்தான் படித்துச் சொன்னாள்.

அக்கினி நட்சத்திரம் தொடங்கிய ஐந்தாம் நாள் சேவியர் மார்க்கெட்டிலிருந்து மதியம் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தார். ஐம்பத்திரண்டு வயது, ஒரு மாத்திரை கிடையாது, கல்லு மாதிரி ஆள். மூன்றே முக்காலுக்கு மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் நிரோஷா மையத்துக்குப் போய் நேராகத் தன் தெருவின் பதிவைத் திறந்தாள். செத்த அன்றைக்கு எத்தனை புகார் வந்திருக்கிறது என்று பார்த்தாள்.

பூஜ்யம்.

பொறுமை எண் தொண்ணூற்று மூன்றிலிருந்து தொண்ணூற்று நான்காக உயர்ந்திருந்தது. இன்றைய வெட்டு மூன்று மணி நேரம். நாளைக்கு மூன்றேகால்.

மோசஸின் பேட்டரி மூன்று மணி நேரம்.

இது எப்படி என்று யோசித்தாள். மூன்றாவது தெரு பொறுமைக்குப் பேர்போன தெருவா? போன வருஷம் இதே மே மாதம் அரை மணி நேரம் கரண்ட் இல்லை என்றால் அல்போன்சா அக்கா பிளாஸ்டிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்குப் போய்விடுவாள். பின்னாலேயே முப்பது குடம் போகும். லாரிகள் இரண்டு கிலோமீட்டருக்கு நிற்கும். பழைய பதிவைத் தேடி எடுத்தாள். போன மே மாதம் பொறுமை எண் இருபத்திரண்டு. இந்த ஜனவரியில் ஒரே வாரத்தில் எழுபது. அப்புறம் ஏறுமுகம்தான்.

ஜனவரியில் என்ன நடந்தது?

பட்டியலில் அவள் இதுவரை கவனிக்காத ஒரு கட்டம் இருந்தது. தலைப்பு 'உள்ளூர் ஆள்'. கீழே எல்லாத் தெருவுக்கும் பூஜ்யம். தேடினால், மாநிலம் முழுவதிலும் நாற்பது இடத்தில் மட்டும் ஒன்று. மூன்றாவது தெருவில் அந்தப் பூஜ்யம் ஒன்றாக மாறிய தேதி, அவளுக்குக் கடிதம் வந்த தேதி. மற்ற முப்பத்தொன்பது ஊர்களும் அவளுக்குத் தெரிந்த ஊர்கள்தான். உணவு இடைவேளையில் கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களின் ஊர்கள். எல்லா ஊரும் போன வருஷம் ரோட்டில் உட்கார்ந்த ஊர்கள்.

கதவைத் தட்டாமலே கனகசபாபதியின் அறைக்குள் போனாள்.

"என்னை மார்க் பார்த்து எடுத்தீங்களா, தெருவைப் பார்த்து எடுத்தீங்களா சார்?"

அவர் அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறைக்கிற ஆளாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மார்க்கும் பார்த்தோம். ஆனா அந்த மார்க்கோட ஆயிரம் பேர் இருக்காங்கம்மா. உக்காரு."

"நிக்கறேன்."

"ஒரு தெருவுல ஒருத்தருக்கு நம்ம கம்பெனியில இடம் கிடைச்சா, அந்தத் தெரு புகார் பண்றதில்லை. நம்ம பிள்ளை உள்ளே இருக்கு, அது பார்த்துக்கும்னு விட்டுடுவாங்க. இதை நாங்க செய்யலை, தற்செயலா டேட்டாவுல கிடைச்சுது. கிடைச்சதைப் பயன்படுத்தினோம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்? உனக்குப் படிப்பு. உன் தெருவுல தடியடி இல்லை, கேஸ் இல்லை. முன்னாடி என்ன கொடுத்தோம்? லத்தி. இப்போ பி.எச்டி கொடுக்கறோம்."

"எங்க தெருவுல ஒரு ஆள் செத்துட்டாரு சார்."

"தெரியும். வருத்தமான விஷயம்."

"நாளைக்கு எங்க அண்ணன் சாவான். பேட்டரி மூணு மணி நேரந்தான் நிக்கும்."

"மருத்துவ விலக்கு இருக்கேம்மா. உடனே போடலாம். புகார் எண் சொல்லு."

"புகார் எண்ணா?"

"யாராவது கரிமேட்டு நகர்லேர்ந்து ஒரு புகார் பதிஞ்சிருந்தாதான் விலக்குப் படிவமே திறக்கும். நீ பதிய முடியாது. நீ கம்பெனி ஆள். உங்க அண்ணனைப் பதியச் சொல்லு. ஒரு நிமிஷ வேலை."

ஒரு நிமிஷ வேலைதான். அவள் மதியமே வீட்டுக்கு ஓடினாள்.

மோசஸ் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கரண்ட் இல்லை. மெஷின் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. போனை அவன் கையில் வைத்து எண்ணையும் போட்டுக் கொடுத்தாள்.

"என்ன சொல்லணும்?"

"கரண்ட் இல்ல, நான் நோயாளின்னு சொல்லு. அவ்ளோதான்."

அவன் போனை அணைத்துப் பக்கத்தில் வைத்தான். "என் பேர்ல கம்ப்ளெயின்ட் போனா உன் பேருக்கு நேரா ஒரு கோடு வுழும். நான் போட மாட்டேன்."

"கோடும் இல்ல கொட்டாவியும் இல்ல. போடுண்ணே."

"உனுக்குத் தெரியாது. கான்ட்ராக்டர்கிட்ட ஒன்பது வருசம் இருந்தவன் நான். ஒருத்தன் வாயத் தொறந்தா அவன் தம்பிய நிறுத்துவான்." மூச்சு வாங்கியது. "கால் மணி நேரந்தானே. அடக்கிக்கிறேன்."

"மூச்சை எப்பிடிண்ணே அடக்குவே?"

அவன் சிரித்தான்.

தெருவில் இறங்கி உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். குழாயடியில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். திரையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். உங்களை ஊமையாக்கத்தான் எனக்கு இடம் கொடுத்தான், நீங்கள் கத்தினால்தான் கரண்ட் வரும், இப்போதே எல்லாரும் போன் போடுங்கள் என்றாள். கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், சேவியர் போனதில் பிள்ளை குழம்பிக் கிடக்கிறது என்கிற பார்வை.

"ஏம்மா, எங்க வாயக் கட்டறதுக்கு ஒருத்தன் நாலு வருசம் படிக்க வெப்பானா?" என்றார் ஒருவர். "ஒரு பிரியாணிப் பொட்டலம் போதுமே."

எல்லாரும் சிரித்தார்கள். கறுப்புப் புடவையில் நின்றிருந்த அல்போன்சா அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"நீ சொல்றது மெய்யாவே இருக்கட்டும் நிரோ. சீட்டு உன்கிட்டதானே கீது? இந்தத் தெருவுல அது மாதிரி ஒண்ணு இதுவரைக்கும் வந்துகீதா? நாங்க கத்தி அத்தக் கெடுக்கணுமா? நீ டாக்டரா வெளிய வா. அதுவரைக்கும் நாங்க தாங்குவோம்."

கணவனைப் புதைத்து ஒரு நாளே ஆன பெண் இதைச் சொன்னாள். நிரோஷாவால் அங்கே நிற்க முடியவில்லை. இந்த அன்பைக் கண்டுபிடித்து, அளந்து, ஒரு கட்டத்தில் ஒன்று என்று எழுதி வைத்திருக்கிறான் எவனோ ஒருவன். குளுகுளு அறையில் உட்கார்ந்து அவன் இதைக் கண்டுபிடித்தபோது கூட இருந்தவர்கள் கைதட்டிக்கூட இருப்பார்கள்.

மறுநாள் மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு, வேலைக்குப் போன நிரோஷா பையோடு தெருவுக்குள் நடந்து வந்தாள். இந்த நேரத்தில் அவளை யாரும் பார்த்ததில்லை. குழாயடியில் அல்போன்சா அக்கா கேட்டாள்.

"இன்னா, சீக்கிரம் வந்துட்டே?"

"என்னை எடுத்துட்டாங்கக்கா."

"எடுத்துட்டாங்கன்னா?"

"சீட்டை வாங்கிட்டாங்க. அந்த சார்கிட்ட மரியாதை இல்லாம பேசிட்டேன். கெட்ட வார்த்தை வந்துடுச்சு. இனிமே உள்ள வராதேன்னுட்டாங்க."

உண்மைக்கு அசையாத தெரு பொய்க்கு உடனே அசைந்தது. ஏனென்றால் நம்பும்படி இருந்தது. நிரோஷாவின் வாய் எல்லாருக்கும் தெரிந்த வாய். சுற்றிலும் வீட்டு வாசல்களில் தலைகள் முளைத்தன. அப்புறம் அல்போன்சா அக்கா குடத்தைக் கீழே வைத்தாள்.

"எம் புருசன் செத்துக் கெடக்கச்சே நான் வாய மூடிகினு உக்காந்திருந்தேன். போலீஸ்காரன் ஒருத்தன் வந்து கேட்டான், கரண்ட் இல்லாததாலயான்னு. இல்ல சார், நெஞ்சு வலின்னு சொன்னேன். நானே சொன்னேன். யாருக்காக?"

நிரோஷா தரையைப் பார்த்தாள்.

"உன் திமிர அங்க போய் காட்டினியா? நாலு வருசம் உன்னால வாய அடக்க முடியல. நாங்க அடக்கினோமேடி, தெருவே அடக்கிச்சே."

அறைந்திருந்தால் வலி குறைந்திருக்கும். இது பொய்க்கா என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நாளைக்கு மறுபடியும் பூஜ்யம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒரு மணிக்குக் கரண்ட் போயிற்று. இந்த முறை அவள் போன் அடிக்கவில்லை. ஒன்றேகாலுக்குள் மூன்றாவது தெருவிலிருந்து நூற்று எண்பத்தேழு புகார் போயிருந்தது. ஒன்றரைக்கு அல்போன்சா அக்கா குடத்தோடு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தாள். பின்னாலேயே முப்பது குடம். போகிற வழியில் இரண்டு பையன்கள் ஃப்ளெக்ஸைக் கிழித்து எறிந்துவிட்டுப் போனார்கள். ஒன்று ஐம்பதுக்குக் கரண்ட் வந்து மெஷினின் பச்சை விளக்கு எரிந்தது.

மோசஸ் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவள் கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

"சாம்பல் அள்ளினது வீணாப் பூட்சு," என்றான், சுவரிடம்.

"அண்ணே..."

"பேசாத."

அவன் முதுகு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சீராக ஏறி இறங்கியது. அதற்காகத்தான் எல்லாம்.

அதற்கப்புறம் தினமும் காலையில் அம்பத்தூரில் ஒரு கால் சென்டரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள். இறங்கியது ஆய்வு மையத்தில். தெருவில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மோசஸ் சாப்பாட்டுத் தட்டை வாங்கிக்கொள்வான், முகத்தைப் பார்க்க மாட்டான். ஆனால் மூச்சு விட்டான். மூன்றாவது தெருவின் எண் பத்தொன்பது. வெட்டு அரை மணி நேரம்.

கனகசபாபதிக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளருகே உட்கார்ந்தார்.

"பிணைப்பு அறுந்தா எண் எவ்வளவு வேகமா சரியும்னு எங்ககிட்ட டேட்டாவே இல்லை. எழுபத்தஞ்சு புள்ளி, ஒரே மதியம். இது உன் ஆய்வேட்டுல தனி அத்தியாயமா வரணும். எப்படிப் பண்ணினேன்னு மட்டும் விவரமா எழுது."

அவள் திரையைத் திருப்பினாள். பற்றாக்குறை பற்றாக்குறைதானே. மூன்றாவது தெரு திருப்பிக் கொடுத்த நேரத்தை சமன் எங்கேயாவது வைத்தாக வேண்டும். எங்கே வைத்திருக்கிறது என்று தேடினாள். கிழக்குக் கடற்கரைப் பங்களாக்களிலா? இல்லை, அங்கே எண் எட்டு, ஏழு, ஐந்து. புகார் பறக்கிற இடங்கள். 'உள்ளூர் ஆள்' ஒன்று என்றிருந்த மற்ற ஊர்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துப் போட்டிருந்தது. அதிகமாக ஏறியிருந்தது தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்து ஊரில். போன வாரம் இரண்டு மணி நேரம். இன்றைக்கு மூன்றரை.

அந்த ஊர்ப் பெண் எதிர் மேசையிலேயே இருந்தாள். பேச்சியம்மாள். விடுதியில் தங்கிப் படிக்கிறவள். சேர்ந்து நாலு மாதத்துக்கு மேலாகியும் நாலு வார்த்தைக்கு மேல் பேசாதவள். அவள் போன் அடித்தது. எடுத்து, திரையைப் பார்த்து, "நாலரைக்கு வந்துரும்மா," என்று மெதுவாகச் சொல்லி வைத்தாள்.

பேராசிரியர் வெளியே போனதும் நிரோஷா எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கட்டத்தைக் காட்டினாள். தேதியைக் காட்டினாள். சேவியரைப் பற்றிச் சொன்னாள், பொய்யைப் பற்றிச் சொன்னாள், எதையும் விடவில்லை. பேச்சி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஊருக்குப் போன் போடு பேச்சி. உன்னை எடுத்துட்டாங்கன்னு சொல்லு. அழு, நம்புவாங்க. இன்னைக்கே சொல்லு. நாப்பது பேரும் சொன்னா கம்பெனிக்கு வேற வழி இருக்காது, பங்களாவுல வெட்டித்தான் ஆகணும். உங்க வீட்ல யார் இருக்கா?"

"அக்கா இருக்கா. பிள்ளை பெத்து பன்னெண்டு நாளாவுது."

"இந்த வெயில்ல? அப்புறம் என்ன, போடு."

பேச்சி போனைக் கையில் எடுத்தாள். விரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

"கோயில் கொடைக்கு வருசா வருசம் மேலத்தெரு முக்கு வரைக்கும்தான் சீரியல் லைட்டு போடுவாவ. இந்த வருசம் எங்க தெரு வரைக்கும் இழுத்தாவ. எங்க அப்பாவத் தேடி வந்து, ஒங்க மவ கரண்டு கம்பெனியில இருக்கா, நீரே சுவிட்ச போடும்னு சொன்னாவளாம். எங்கப்பா போட்டாரு." அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் தண்ணீர் இல்லை. "அத நான் எப்பிடிக்கா போய் அணைப்பேன்?"

"பேச்சி, பச்சைக் குழந்தைடி."

பேச்சி போனைக் கவிழ்த்து மேசைமேல் வைத்தாள். தன் திரைப் பக்கம் நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"மூணரை மணி நேரந்தானக்கா," என்றாள். "பொறுத்துக்கிடுவாவ."